படுத்த மலையும் இடது கையும்

குணசேகர் ரயிலில் நின்றபடிதான் தூங்குவார். சாம்பியன் ரீஃப்ஸ் நிலையத்தில் அவர் ஏறும்போது உட்கார இடம் கிடைக்காமல் இல்லை. கூட வருகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு அவருக்கும் சேர்த்தே இடம் பிடித்து வைப்பார்கள். அவர்தான் உட்கார மாட்டார்.

“ஒக்காந்தா முட்டி மடங்கினது மடங்கின மாதிரியே பூட்டிக்கும் சார். கண்டோன்மெண்ட்ல எறங்கறப்ப விரியாது. நின்னுகினே வந்தா அதே காலோட நடந்து போயிகினே இருக்கலாம்” என்பார்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிற பெருங்கூட்டத்தில் அவர் ஒருவர். சுரங்கம் ஓடிய காலத்தில் அதன் மரவேலைக் கொட்டகையில் தச்சராக இருந்தார். அப்பா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிறவர். சுரங்கத்தை மூடியபோது குணசேகருக்கு மணமாகி அதிக நாள் ஆகவில்லை. அன்றைக்கு ரயில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை என்று அவர் மனைவி ஞானம்மாள் சொல்வாராம். விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் வீடு சேர்கிற பிழைப்பு.

“எங்கப்பன் மேல இருந்து கீழ போய்ட்டு வந்தாரு. நான் கெழக்க இருந்து மேக்க போய்ட்டு வர்றன். வீட்டு வாசல்ல வெயில் பாக்காதது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

அவர் வேலை பார்க்கும் கடை சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைகள் முடிந்து கறிக்கடைகள் தொடங்கும் சந்தில் இருக்கிறது. முதலாளி பெயர் டிரேவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓட்டு வீடும் கொய்யா மரமும் உள்ள பழைய குடும்பம். முன்புறத்தில் தேசப்படம், சார்ட்டு, உலக உருண்டை விற்பனை. பின்புறத்தில் ஒரு மேசை, ஒரு மஞ்சள் பல்பு, தெர்மாகோல் தூசி. அங்கே உட்கார்ந்து குணசேகர் பள்ளிப் பிள்ளைகளின் பிராஜெக்ட்டுகளைச் செய்வார். பிள்ளைகள் வீட்டில் தாங்களாகவே செய்து கொண்டுவர வேண்டும் என்று டீச்சர்கள் சொல்லி அனுப்பும் காற்றாலை, இதயம், சூரியக் குடும்பம், எரிமலை எல்லாம் அந்தப் பல்பின் அடியில்தான் பிறக்கும்.

அவர் செய்த முதல் பிராஜெக்ட் திரும்பி வந்துவிட்டதாம். தேக்குத் துண்டில் செய்த காற்றாலை. ஊதினால் சுற்றும், ஓர் ஆணி வெளியே தெரியாது. டீச்சர் பார்த்துவிட்டு, “இது ஆசாரி வேலை, பையன் வேலை இல்லை” என்று மார்க்கைக் குறைத்துவிட்டார். அந்தப் பையனின் அம்மா கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தாராம். அன்று டிரேவர் சொன்னதுதான் இந்தத் தொழிலுக்கே மந்திரம்: “குணா, கொஞ்சம் கெடு மேன்.”

அன்றிலிருந்து குணசேகர் வலது கையால் செய்வார், இடது கையால் கெடுப்பார். எழுத்தெல்லாம் இடது கைதான். கோணலாக ஏறி இறங்கும். ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை வழிய விடுவார். பெயிண்டு காயும் முன் கட்டை விரலை ஒரு திருப்புத் திருப்பிச் சின்ன ரேகையாகப் பதிப்பார். கெடுப்பதிலும் ஓர் அளவு உண்டு. அதிகம் கெடுத்தால் பெற்றோர் வாங்க மாட்டார்கள், குறைவாகக் கெடுத்தால் டீச்சர் ஏற்க மாட்டார். நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது, அதுதான் கொழந்த கை என்பார். ஒரு நல்ல தச்சனுக்கு இதைவிடக் களைப்பான வேலை இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். ஊர் ஆலங்காயம் பக்கம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான், படித்தது ஜியாலஜி. தங்கியிருப்பது பெங்களூரின் மறுகோடியில் உள்ள ஹெப்பகோடியில், தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களோடு ஓர் அறையில். ஆகவே எனக்கும் பாதி நாள் பஸ்ஸில்தான் போகிறது. பள்ளிக் கண்காட்சிக்கு மூன்று எரிமலை மாதிரிகள் தேவை என்று நான் டிரேவர் கடைக்குப் போனபோது, குணசேகர் மேசையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

“எரிமலையா சார்? ரெடியாவே இக்கிது, எடுத்துகினு போ” என்று கண்ணைத் திறக்காமலே அலமாரியைக் காட்டினார்.

அலமாரியில் நான்கைந்து நின்றன. எல்லாம் கூம்பு. நுனி வெட்டிய, செங்குத்தான கூம்பு. உச்சியிலிருந்து இரண்டு சிவப்பு ஓடைகள் சலசலவென்று அடிவாரம் வரை ஓடின. இடப்பக்கத்து ஓடை எப்போதும் கொஞ்சம் நீளம்.

“இது தப்புணா” என்றேன்.

கண் திறந்தது. “இன்னா தப்பு? எத்தினி வருஷமா இதான் போவுது.”

“இவ்வளவு தண்ணியா ஓடற லாவா, இவ்வளவு செங்குத்தா மலை கட்டாது. தண்ணி லாவா ரொம்ப தூரம் ஓடிப் பரவிடும். அது கட்டற மலை தோசைக்கல்லைக் கவுத்துப் போட்ட மாதிரி படுத்துக் கெடக்கும். கெட்டி லாவாதான் ஓட முடியாம வாயிலேயே குமிஞ்சு செங்குத்தா நிக்கும். நீங்க கெட்டி லாவா மலை மேல தண்ணி லாவாவ ஓட விட்டிருக்கீங்க.”

“ஒடம்பு ஒருத்தனுது, ரத்தம் ஒருத்தனுதா?” அவர் எழுந்து ஒரு கூம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். “குரூப்பு மாறின ரத்தத்த ஏத்திட்டனா. அப்டியும் இது பொழைச்சிகினு தான சார் இக்கிது.”

முன்புறத்திலிருந்து டிரேவர் குரல் கொடுத்தார். “வாத்தியார் சொன்னா கேட்டுக்கோ மேன். உன் மலைக்கி இதுவரைக்கும் எவனும் டாக்டர் பாக்கல.”

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் எனக்கு நேரம் தெரியாது. லாவாவில் கெட்டி, தண்ணி என்ற வித்தியாசம் எதனால் வருகிறது என்று தொடங்கினேன். சிலிகா குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் அது இளகி ஓடும். உள்ளே இருக்கும் நீராவியும் வாயுவும் சுலபமாகக் கொப்புளித்து வெளியே போய்விடும். பெரிய வெடிப்பு இருக்காது. சிலிகா அதிகமானால் குழம்பு இறுகும், வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறி ஏறி ஒரு நாள் மலையின் தலையையே பிய்த்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. ஒரு தடவை சாம்பலாக வெடிக்கும், ஒரு தடவை குழம்பாக வழியும். இப்படி அடுக்கடுக்காகப் படிந்து, படங்களில் பார்க்கிற அழகான உயர்ந்த மலையாகும். வெடித்துச் சிதறும் பொடிக்கற்கள் வாயைச் சுற்றிக் குவிந்தால் சின்னக் கூம்பு.

“உங்க ஊர்ல தங்கத்தப் பிரிச்சிட்டுக் கழிவைக் கொட்டின சயனைடு மண்மேடு இருக்கே. கொட்டின மண்ணு தானா சரிஞ்சு ஒரு சரிவுல நிக்குமே, அந்தப் பொடிக்கல் கூம்பும் அதே கணக்குதான்.”

அவர் கூம்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “களி” என்றார்.

“என்ன?”

“களி கிண்டறப்ப பாத்ததில்லியா? கஞ்சி கொதிச்சா பொங்கி வழியும், அத்தோட செரி. மாவு போட்டு கெட்டியாச்சுன்னா தொப்பு தொப்புன்னு வாய் தொறந்து தெறிக்கும். எங்கூட்ல இக்கறாளே, அவ முழங்கையில நாலு எடத்துல சுட்ட தழும்பு. எல்லாம் களி தெறிச்சது. கஞ்சி ஒரு நாளும் தெறிச்சதில்ல.”

இவ்வளவு நேரம் நான் மூச்சு வாங்கச் சொன்னதும் அதுதான். அடுத்த வாரமே வகுப்பில் களியைச் சொல்லித்தான் நடத்தினேன். பாதிப் பேருக்குக் களி என்றால் என்னவென்று தெரியவில்லை. கன்னடத்தில் முத்தெ என்றதும் பிடித்துக்கொண்டார்கள்.

“சிலிகான்னு சொன்னியே சார்” என்றார் கிளம்பும்போது. “அது எனக்குத் தெரியும். மைன்ஸ் ஆஸ்பத்திரில எங்கப்பாவுக்கு எழுதிக் குடுத்த நோவு அதான். சிலிகோசிஸ். வெள்ளக்கல்லு தூசு.”

தங்கம் ஒளிந்திருந்த அந்த வெள்ளை வெங்கச்சங்கல் முழுக்க சிலிகாதான். அதைத் துளைத்த தூசி நுரையீரலில் படிந்து, நுரையீரல் இறுகிப்போகும். நான் அதைப் பரீட்சைக்குப் படித்திருந்தேன்.

“கடைசில மூச்சு உள்ள போவும், வெளிய வராது. கெட்டியாய்டுச்சின்னா எதுவும் வெளிய வராது சார், மலையா இருந்தா இன்னா, மனுசனா இருந்தா இன்னா” என்று சொல்லிவிட்டு, கூம்பை அலமாரியில் வைத்துத் திரும்பவும் மேசையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்.

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தங்கவயலின் கரும்பாறையே ஒரு காலத்தில் லாவாதான் என்றேன். இருநூற்றெழுபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் வழிந்த இளகிய லாவா. அது கட்டிய மலை என்று ஒன்றும் இப்போது நிற்கவில்லை. பாறையில் சில இடங்களில் தலையணை அடுக்கிய மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரியும். தண்ணீரில் சட்டென்று குளிர்ந்ததால் வந்த வடிவம்.

“தலகாணியா? எங்க ஊருலயா?” கண்ணை மூடியபடியே சிரித்தார். “அத்தினி தலகாணி இருந்தும் ஒருத்தனுக்கும் தூக்கம் இல்ல பாரு.”

மூன்று மாதிரிகளையும் அவர் செய்த விதத்தைப் பார்த்துத்தான், எங்கள் பள்ளியிலேயே அவருக்கு ஒரு வேலை கேட்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. முதலாவது அகலப் பலகையில் பிளாஸ்டரை மெல்லிசாகத் திரும்பத் திரும்ப ஊற்றி உருவாக்கிய படுத்த மலை. உச்சியில் ஒரு சின்னப் பள்ளம். அதில் சோடா மாவும் சோப்புத் தண்ணீரும் சிவப்பு மையும். வினிகர் ஊற்றினால் நுரைத்து நாலாபுறமும் வழியும். இரண்டாவது, பாதியாக அறுத்து உள்ளே அடுக்குகள் தெரியும் உயர்ந்த மலை: ஓர் அடுக்கு பிளாஸ்டர், ஓர் அடுக்கு மரத்தூள். மூன்றாவதன் வாயில் மைதாவும் பசையும் பிசைந்த கெட்டி உருண்டையை அடைத்திருந்தார். அடியில் அதே சோடா, அதே வினிகர். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உருண்டை உப்பும். பிறகு ‘டப்’ என்று எகிறும். முதல் தடவை அது டிரேவரின் வழுக்கையில் போய் ஒட்டியது.

“இதுக்கு கெடுக்க வேணாம் இல்ல சார்? பள்ளிக்கூடத்துக்கே போறது தான?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று பலகைகளிலும் வலது கையால், அச்சடித்தது போல, பெயர்களை எழுதினார். அவருடைய வலது கை எழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் பள்ளியில் மமதா மேடம் ஒருங்கிணைப்பாளர். வீட்டில் கன்னடம், சிவாஜிநகரில் வளர்ந்ததால் எங்களிடம் தமிழில்தான் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். பிள்ளைகள் கையால் செய்து பழகுவதற்கென்று பள்ளியில் ஓர் அறை திறக்கப் போவதாகவும், அதற்குக் கைவேலை தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தங்க, பள்ளியின் பின்புறத்தில் ஓர் அறையும் உண்டு. நான் குணசேகரைப் பற்றிச் சொன்னேன். கண்காட்சி அன்று கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

குணசேகரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “ரயில் இல்லாமலா?” என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் வரும்போது ஞானம்மாளின் கேள்வியையும் கொண்டு வந்தார்.

“ரூமுக்கு ஜன்னல் இக்குதான்னு கேக்கறா. நாங்க இக்கற மைன்ஸ் லைன் வீட்டுல ஜன்னலே கெடையாது சார், கதவு ஒண்ணுதான். அவளுக்கு அது ஒரு கொற.”

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் இருந்தது. திறந்தால் ஒரு செண்பக மரம். அதைச் சொன்னதும் குணசேகர் அங்கேயே ஃபோன் போட்டார். “இக்குதாம்டி. மரம் கூட இக்குதாம்” என்றவர், அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். “கோழிய யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிக்கறாளாம். இன்னும் வேலயே கெடைக்கல, அதுக்குள்ள கோழிக்கு எடம் பாக்கறா.” திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் அவர் மேசையில் சாயவில்லை.

அதே வாரத்தில்தான் கடைக்கு எரிமலை கேட்டுப் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். நான் ஒரு தடவை அங்கே இருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் அப்பா நின்றார்.

“சார், எந்த லாவா வேணும்? கெட்டியா, தண்ணியா?” என்று குணசேகர் புதுசாகக் கற்றதைக் கேட்டார்.

“என்ன ஹோட்டலா இது? சிவப்பா ஓடணும், அவ்வளவுதான்.”

“செவப்பா ஓடறதுன்னா மலை படுத்துரும் சார்.”

“மலை படுத்தா மார்க்கும் படுத்துரும். நல்லா ஒசரமா குடுங்க.”

குணசேகர் என்னைப் பார்த்தார். பிறகு கூம்பு ஒன்றை எடுத்து, இடது கையால் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தார். அந்த வாரம் அப்படி எத்தனை போயின என்று நான் கேட்கவில்லை. எந்தப் பள்ளி என்று அவர்கள் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. அது கடை வழக்கம்.

கண்காட்சி அன்று குணசேகர் சலவைச் சட்டை போட்டு வந்தார். ரயிலில் மாதிரிகளுக்குக் கொடுத்த இடத்தை மட்டும் அன்று மறுக்காமல் வாங்கிக்கொண்டாராம். பலகைகள் மூன்றும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தன, கடைசியாக மெருகேற்ற வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். இவர் பக்கத்தில் நின்றார். மண்டபத்தின் முன்வரிசையில் அவருடைய மூன்றையும் வைத்தோம். பின்னால் நீண்ட மேசைகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்து வந்த எரிமலைகள்.

அவற்றின் அருகே போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. வரிசையாகக் கூம்புகள். நுனி வெட்டிய, செங்குத்தான கூம்புகள். இரண்டிரண்டு சிவப்பு ஓடைகள், இடப்பக்கம் கொஞ்சம் நீளம். கோணல் எழுத்து. ஓரத்தில் கட்டை விரல். உலகத்தில் வேறெங்கும் முளைக்காத அதே மலை ரிச்சர்ட்ஸ் டவுனில் பன்னிரண்டு வீடுகளில் ஒரே வாரத்தில் முளைத்திருந்தது.

குணசேகரைப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. கடைசி மேசையில், ஸ்னேஹா என்ற பெண்ணுடையது. களிமண்ணில் தண்ணீர் அதிகமாகி, மலை நிற்க மாட்டேன் என்று பலகை முழுக்கச் சரிந்து பரவிக் கிடந்தது. உச்சியில் பள்ளம் இருந்த இடத்தில் ஒரு தொப்புள் மிச்சம். அவள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு முன்வரிசைக்கு வந்து குணசேகரின் படுத்த மலையைப் பார்த்தாள்; சற்றுப் பொறுத்துக் கன்னடத்தில் கேட்டாள்: “உங்களுதும் சரிஞ்சு போச்சா அங்கிள்?”

“இல்லம்மா. இது இப்டித்தான் இக்கும்” என்று அவரும் கன்னடத்தில் சொன்னார். “உன் மண்ணுல தண்ணி ஜாஸ்தியா?”

“ஆமா.”

“அப்ப சரி. தண்ணி ஜாஸ்தியானா அதுவும் இப்டித்தான் படுக்கும். நீ தப்பா பண்ணல.”

அவள் திரும்பிப் போய்த் தன் பலகையை மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள்.

மமதா மேடம் வந்தார். குணசேகரின் மூன்றையும் இயக்கிக் காட்டச் சொன்னார். முதலாவது நுரைத்து வழிந்தது. மூன்றாவது உப்பி, பொறுத்து, ‘டப்’ என்று எகிறியதும் மேடம் ஓர் அடி பின்னால் குதித்துச் சிரித்துவிட்டார். “ஓஹோ, சூப்பரா இதெ. இந்தக் கை எங்களுக்கு வேணும்” என்றார். குணசேகர் முகத்தில் அந்த ஒரு நிமிடம் ரயில் களைப்பு இல்லை.

“இன்னொரு கெலசம், ஒரு வேலை இருக்கு குணசேகர் அவரே.” மேடம் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் எங்க டிரைவரோட மகள் ராத்திரி பகலா உக்காந்து ஒரு கிணறு செஞ்சிட்டு வந்தா. பக்கத்துல எல்லாம் கடையில வாங்கினது. அவளுதப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது மனசுலேயே இருக்கு. இந்த வருஷம் கடைப் பொருளைத் தனியா எடுத்து வெச்சிடணும். உங்களுக்கு இந்தத் தொழில் தெரியும். எது கடையில செஞ்சது, எது பிள்ளைங்க செஞ்சது? பெற்றோர் உள்ள வர்றதுக்கு முந்தி சொல்லிடுங்க.”

அதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்கப்பட்டது.

குணசேகர் மேசை வரிசையில் மெல்ல நடந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். ஒரு கூம்பில் பெயிண்டு பெயர்ந்திருந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டார். வழியெல்லாம் பிள்ளைகள் நின்றார்கள். சிலர் அவரையே பார்த்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். கடைக்கு அப்பாவோடு வந்திருந்த ஒரு பையன் அவரை அடையாளம் தெரிந்து வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். எனக்கு அந்தச் செண்பக மரம் ஞாபகம் வந்தது.

கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

“எல்லாம் பசங்க பண்ணதுதான் மேடம்.”

“எல்லாமா?”

“எல்லாமே.”

“நல்லா பார்த்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டன் மேடம்.” கடைசி மேசைப் பக்கம் கையைக் காட்டினார். “ஃபர்ஸ்ட் பிரைஸ் மட்டும் அந்தக் கடைசி மேஜைக்கு குடுங்க. அந்தப் பொண்ணுது. தண்ணி லாவான்னா மலை அப்டித்தான் படுக்கணும். சார கேளுங்க, சொல்வாரு.”

“ஆமா மேடம், அந்த வடிவம் சரி” என்றேன். “இங்க இருக்கறதுல அது ஒண்ணுதான் ஓடற லாவாவுக்கு ஏத்த மலை.”

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. கூம்பு வரிசையை ஒரு தடவை பார்த்தார். அந்த நீண்ட இடப்பக்க ஓடைகளில் பார்வை தங்கி வந்தது.

“நான் கேட்டது அது அல்ல” என்றார், கோபமில்லாமல். “உங்க கடையை நீங்க விட்டுக் குடுக்க மாட்டீங்க. சரி. ஆனா எனக்கு வேண்டியது மேஜைக்கு இந்தப் பக்கம், பள்ளி பக்கம் நிக்கிற ஆள். வருத்தப்படாதீங்க, பேஜார் மாட்கோபேடி.”

“பரவால்ல மேடம்” என்றார் குணசேகர்.

பரிசு கொடுக்கப் பள்ளி நிர்வாகி வந்தார். மேடம் ஸ்னேஹாவின் மேசையைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் அந்தச் சரிந்த களிமண்ணைக் குனிந்து பார்த்து, “பாவம்” என்றார்; சற்றுத் தள்ளிப் போய் உயரமான கூம்பு ஒன்றின் மேல் கையை வைத்தார். முதல் பரிசு. மண்டபம் கைதட்டியது. குணசேகரும் தட்டினார். ஸ்னேஹாவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பேனா கிடைத்தது.

மாலையில் கண்டோன்மெண்ட் நிலையம் வரை அவரோடு நடந்தேன். மூன்று பலகைகளில் இரண்டைப் பள்ளி வைத்துக்கொண்டது. படுத்த மலையை மட்டும், மேசையில் இடத்தை அடைக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை அவர் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“இத்தினி வருஷத்துல என் கைக்கு இப்பத்தான் சார் ஃபர்ஸ்ட் பிரைஸ்” என்றார். “அதுவும் எடது கைக்கு.”

“சொல்லியிருக்கலாமேணா.”

“இன்னான்னு? பன்னெண்டையும் காட்டி இது என்துன்னா? அந்தப் புள்ளைங்களா வந்து கேட்டுச்சு? அப்பன் ஆத்தா கேட்டது, நான் செஞ்சது. நடுவுல அதுங்க மொகத்துல கரியப் பூசிட்டு, நான் போய் ஜன்னலாண்ட ஒக்காரணுமா?” பலகையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். முட்டியில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. “அந்தம்மா கேட்டதும் செரிதான் சார். அதான் பேஜாரு. தப்பா கேட்டிருந்தா சண்ட போட்டுட்டு வந்திருப்பன்.”

நடைமேடையில் கூட்டம். ரயில் தாமதம் என்றார்கள். ஞானம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது. இரைச்சலில் காது கேட்காமல் அவர் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

“ஆங்... பாத்தாங்க. புடிச்சிது அவங்களுக்கு... இல்ல, நான்தான் வேணாம்னுட்டன்... ரூம போய் பாத்தன்டி. ஜன்னலே இல்ல. ... ஆமா, சார் வேற ரூம பாத்துட்டு சொல்லிட்டாரு போல. படிச்சவங்க, அவங்களுக்கு ரூம் ஒண்ணுதான், ஜன்னல் ஒண்ணுதான்.” என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “... அதான். ஜன்னல் இல்லாத ரூமு நம்மகிட்டயே இக்கிதே, இதுக்கு எதுக்கு அங்க போறது? ... கோழியக் குடுத்துட்டியா? ... அப்ப திருப்பி வாங்கிக்க.”

ஃபோனைப் பையில் போட்டார். ரயில் வந்தது. யாரோ ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு, “குணாண்ணா, எடம்!” என்று கத்தினார்கள். அவர் பலகையை உள்ளே கொடுத்து அந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, கதவோரக் கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டார். ரயில் நகரும்போதே கண்ணை மூடிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். அலமாரியில் புதுக் கூம்புகள் நின்றன. படுத்த மலையும் திரும்ப வந்திருந்தது. கொஞ்ச நாள் முன்பக்கத்தில் விற்பனைக்கு வைத்துப் பார்த்தாராம், ஒருவரும் தொடவில்லை. இப்போது அது அவர் மேசையின் ஓரத்தில் கிடந்தது. உச்சிப் பள்ளத்தில் அவருடைய டீ கிளாஸ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, சரிவில் டிரேவருடையது.

“ஒசரமான மலை ஒண்ணுலயும் கிளாஸ் நிக்காது சார்” என்றார். “எத்தினி பஸ் அதிர்ந்தாலும் இது மேல சிந்தாது.”

ஓர் அம்மா வந்து எரிமலை இருக்கிறதா என்று கேட்டார். குணசேகர் கிளாஸை மலையில் வைத்துவிட்டு எழுந்தார். எந்த லாவா என்று கேட்கவில்லை. கூம்பை எடுத்தார், பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கொழந்த பேரு சொல்லுங்கம்மா.”